இருப்புக் குறைந்தால் காப்பும் குறையுமோ?

(கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் எழுதியது)

சங்கங்களைப் பார்வையிடச் செல்லுகையில் ரொக்கக் கையிருப்பை எண்ணுவதும், சரக்கிருப்பைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்ப்பதும், நிர்வாகக் குழுவின் தீர்மானங்களைப் படிப்பதும் என் கடமைகள். சில காலத்திற்கு முன் ஒரு கைத்தறி நெசவாளர் சங்கத்தில் தீர்மானப் புத்தகத்தைப் படித்து வருகையில், நான் அதுவரை எந்தச் சங்கத்திலும் கண்டிராத தீர்மானம் ஒன்றைக் கண்டேன். அங்கத்தினர்களின் பிள்ளைகளில் பதினைந்து வயதைக் கடந்தவர்கள் அனைவருக்கும், ஹெபடைடிஸ் பி என்னும் ஈரல் நோய்க்கான தடுப்பூசியை மறுபடியும் போடுவதற்குப் பொதுநல நிதியிலிருந்து பணம் ஒதுக்க வேண்டும் என்பதே அத்தீர்மானம்.

காரணம் யாது என்று வினவினேன். சங்கத் தலைவர் நடந்ததைக் கூறினார். அங்கத்தினர் ஒருவருடைய மகள் செவிலியர் படிப்பில் சேர்ந்தாள். குழந்தைப் பருவத்தில் போட வேண்டிய ஊசிகள் அனைத்தும் அவளுக்கு முறைப்படி போடப்பட்டிருந்தன. அதற்குரிய அட்டையும் வீட்டில் பத்திரமாக இருந்தது. ஆயினும் படிப்பில் சேருமுன் இரத்தத்தைச் சோதித்தபோது, இந்நோயைத் தடுக்கும் எதிர்ப்புப் பொருள் 10 என்ற அளவில் இருக்க வேண்டிய இடத்தில் 4 மட்டுமே இருந்தது. போட்ட ஊசியெல்லாம் வீணாயிற்று என்று தெரு முழுவதும் பேச்சாயிற்று. அதே தெருவில் முந்தைய ஆண்டில் ஈரல் சுருங்கி ஒருவர் இறந்திருந்தார். அச்சம் பரவுவதற்கு வேறென்ன வேண்டும்?

“ஐயா, பிள்ளைகள் விஷயம். பணத்தைப் பார்க்க வேண்டாம் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள்” என்றார் தலைவர்.

பத்து இருக்க வேண்டிய இடத்தில் நான்கு இருந்தால் அது குறைவு என்றே நானும் முதலில் எண்ணினேன். இருப்பை எண்ணியே பழகிய கண் வேறு எவ்வாறு எண்ணும்? எனினும், அங்கத்தினர்களின் பொதுப் பணம் செலவாவதற்கு முன் உண்மையைத் தெளிவாக அறிந்துகொள்ளுதல் நலம் என்று கருதினேன். அரசு மருத்துவர் ஒருவரை அணுகிக் கேட்டேன். அவர் காட்டிய ஆராய்ச்சிகளையும் படித்தேன். நான் மருத்துவன் அல்லன். ஆயினும், கற்றதை மற்றவர்க்கும் கூறுதல் கூட்டுறவாளன் கடமையாகையால், இப்பாடத்தை எழுதத் துணிந்தேன்.

நோயின் இயல்பு

மஞ்சள் காமாலை என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரே நோயன்று. அது ஈரல் கெட்டிருப்பதைக் காட்டும் ஓர் அறிகுறியே ஆகும். அசுத்தமான நீராலும் உணவாலும் வரும் காமாலை ஒரு வகை. இரத்தத்தின் வழியாகப் பரவும் ஹெபடைடிஸ் பி வேறு வகை. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணிக் குழம்புவது நம்மிடையே மிகுதி.

ஹெபடைடிஸ் பி கிருமி, நோயுற்ற தாயிடமிருந்து பிரசவ காலத்தில் குழந்தைக்குத் தொற்றலாம். சுத்தம் செய்யாத ஊசி, பிறர் பயன்படுத்திய சவரக் கத்தி, பச்சை குத்தும் ஊசி, சோதிக்கப்படாத இரத்தம், உடலுறவு ஆகியவற்றாலும் தொற்றலாம். உடலுக்கு வெளியே சிந்திக் காய்ந்த இரத்தத்திலும் அது ஏழு நாட்களுக்குக் குறையாமல் உயிர்ப்புடன் இருக்க வல்லது. ஆனால் ஒரே பந்தியில் உண்பதாலும், ஒரே குவளையில் நீர் அருந்துவதாலும், பக்கத்துத் தறியில் அமர்ந்து நெய்வதாலும், ஒரே வயலில் வேலை செய்வதாலும் இந்நோய் பரவுவதில்லை. இதை ஒவ்வோர் அங்கத்தினரும் நினைவில் வைத்தல் வேண்டும். நோயாளி ஒருவரைத் தொழிலிலிருந்தும் பந்தியிலிருந்தும் விலக்குவது அறியாமை மட்டுமன்று, அநீதியும் ஆகும்.

இந்நோயின் கொடுமை, அது பிடிக்கும் வயதைப் பொறுத்தது. வளர்ந்தவர் ஒருவரை இக்கிருமி பற்றினால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் சில மாதங்களில் அதை வென்று விடுகின்றனர். பிறந்த குழந்தையைப் பற்றினாலோ, பத்தில் ஒன்பது குழந்தைகளிடம் அது நிலைத்துத் தங்கிவிடுகிறது. வெளிக்கு யாதொரு குறியுமின்றி இருபது, முப்பது ஆண்டுகள் ஈரலில் குடியிருந்து, குடும்பத்தைத் தாங்க வேண்டிய வயதில் ஈரல் சுருக்கமாகவோ ஈரல் புற்றுநோயாகவோ வெளிப்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகில் 25 கோடியே 40 லட்சம் மக்களிடம் இக்கிருமி நிலைத்திருந்தது. இந்தியாவில் மட்டும் அத்தொகை ஏறத்தாழ 3 கோடி. அவ்வோர் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 11 லட்சம் பேர் இந்நோயால் மாண்டனர்.

தடுப்பூசி வந்த வரலாறு

பாரூக் பிளம்பர்க் என்னும் அமெரிக்க விஞ்ஞானி, ஆஸ்திரேலிய ஆதிக்குடி ஒருவரின் இரத்தத்தில் புதியதொரு பொருளைக் கண்டு, 1965-ஆம் ஆண்டில் அதைப் பற்றி வெளியிட்டார். அது ஹெபடைடிஸ் பி கிருமியின் மேலுறை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இக்கண்டுபிடிப்புக்காக 1976-ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. அவர் பிறந்த ஜூலை 28-ஆம் நாளே இன்று உலக ஹெபடைடிஸ் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

1981-ஆம் ஆண்டில் முதல் தடுப்பூசி அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது நோயாளிகளின் இரத்தத்திலிருந்து கிருமியின் மேலுறையைப் பிரித்துச் சுத்திகரித்துச் செய்யப்பட்டது. 1986-ஆம் ஆண்டில் வேறொரு முறை வந்தது. மாவைப் புளிக்கச் செய்யும் ஈஸ்ட் இனத்தின் உயிரணுக்களைக் கொண்டே அம்மேலுறைப் பொருளை உண்டாக்கினர். இன்று நமக்குப் போடப்படுவது இவ்வகையே. இதில் கிருமி இல்லை; கிருமியின் மேற்சட்டை மட்டுமே உண்டு. ஆகவே, ஊசியினாலேயே நோய் வந்துவிடும் என்னும் அச்சத்திற்கு இடமில்லை.

நம் நாட்டில் 1997-ஆம் ஆண்டில் ஹைதராபாத்தைச் சேர்ந்த சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் இம்மருந்தைத் தயாரித்து, வெளிநாட்டு மருந்தின் விலையில் ஒரு சிறு பகுதிக்கே விற்கத் தொடங்கியது. 2002-ஆம் ஆண்டில் அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் சில நகரங்களிலும் மாவட்டங்களிலும் சோதனையாக இது சேர்க்கப்பட்டது. 2007-08-ஆம் ஆண்டில் பத்து மாநிலங்களுக்கு விரிந்தது. அவற்றுள் தமிழ்நாடும் ஒன்று. 2011-ஆம் ஆண்டில் நாடு முழுவதற்கும் ஆயிற்று. இப்போது பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஓர் ஊசியும், பின்னர் 6, 10, 14 வாரங்களில் ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசியுடன் சேர்த்தும் இது குழந்தைகளுக்குப் போடப்படுகிறது.

இந்த ஆண்டுகளை அங்கத்தினர்கள் கவனத்தில் கொள்ள வேண்டுகிறேன். பின்னால் இவற்றைக் கொண்டே ஒரு முடிவு காணப் போகிறோம்.

சேலையும் அட்டையும்

இனி, 10 என்றும் 4 என்றும் அளக்கப்படுவது யாது என்று பார்ப்போம். ஊசி போட்டவுடன் உடலானது கிருமியின் மேலுறையைப் பகையென அறிந்து, அதை முறிக்கும் எதிர்ப்புப் பொருளை உண்டாக்கி இரத்தத்தில் விடுகிறது. ஒரு மில்லி லிட்டர் இரத்த நீரில் அது 10 மில்லி அலகுக்குக் குறையாமல் இருந்தால் பாதுகாப்பு உண்டு என்பது மருத்துவர்கள் வகுத்த கணக்கு. இப்பொருள் என்றும் அதே அளவில் நிற்பதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைகிறது. குழந்தைப் பருவத்தில் ஊசி பெற்றவர்களில் பலருக்குப் பதினைந்து, இருபது வயதில் அது பத்துக்கும் கீழே சென்றுவிடுகிறது. இது கேடன்று; உடலின் இயல்பு.

ஆனால் உடல் எதிர்ப்புப் பொருளை உண்டாக்குவதோடு நின்றுவிடுவதில்லை. அதை மறுபடி எவ்வாறு உண்டாக்குவது என்னும் அறிவையும் சில உயிரணுக்களில் சேமித்து வைக்கிறது. இவற்றை நினைவு உயிரணுக்கள் என்பர். சாதாரண இரத்தச் சோதனை எதிர்ப்புப் பொருளை மட்டுமே அளக்கும், நினைவை அளக்காது.

நெசவாளர் நண்பர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. புதிய கரை ஒன்றை நெய்ய விரும்பினால் முதலில் கட்டம் போட்ட தாளில் சித்திரம் எழுத வேண்டும். அதைப் பார்த்து அட்டைகளில் துளை அடிக்க வேண்டும். அட்டைகளைக் கோத்து ஜக்கார்டு பெட்டியில் ஏற்ற வேண்டும். இவ்வளவுக்கும் பல நாட்கள் ஆகும். ஒரு முறை அட்டை அமைந்துவிட்டாலோ, நெய்த சேலைகள் அனைத்தும் விற்றுப் போய்ச் சரக்கறை வெறுமையானாலும், அதே கரையை வேண்டிக் கட்டளை வந்த அன்றே தறியை ஓட்டலாம். சரக்கிருப்பை எண்ண வந்த இன்ஸ்பெக்டர் “சேலை நான்குதான் உள்ளது” என்று எழுதுவார். அவர் எழுதியது பொய்யன்று. ஆனால் பரணில் இருக்கும் அட்டைக் கட்டை அவர் எண்ணவில்லை. எதிர்ப்புப் பொருள் சேலை. நினைவு உயிரணு அட்டை.

கட்டளை வந்த பின் நெய்யத் தொடங்கினால் காலம் போதுமா என்று கேட்கலாம். இந்நோயைப் பொறுத்தவரையில் போதும். ஹெபடைடிஸ் பி கிருமி உடலில் புகுந்து நோயாக வெளிப்படுவதற்கு ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரையில் ஆகிறது. நினைவு உயிரணுக்களோ சில நாட்களிலேயே விழித்தெழுந்து எதிர்ப்புப் பொருளைப் பெருக்கத் தொடங்குகின்றன. பகைவன் படை திரட்டுமுன் காவற்படை வாயிலில் நிற்கிறது.

நெடுங்கால அநுபவம்

உவமையை மட்டும் நம்பி முடிவு செய்தல் ஆகாது. கணக்கு வேண்டும். கணக்கும் இருக்கிறது.

அமெரிக்காவின் வட கோடியில் உள்ள அலாஸ்காவில், பூர்வ குடிகளிடையே இந்நோய் மிகுதியாகப் பரவியிருந்தது. 1981-ஆம் ஆண்டில் அங்குள்ள கிராமங்களில் 1,578 பேருக்கு இத்தடுப்பூசி மூன்று முறை போடப்பட்டது. பின்னர் மருத்துவர்கள் அவர்களை விடாமல் தொடர்ந்து சோதித்து வந்தனர். முப்பது ஆண்டுகளுக்குப் பின், இடையில் மறு ஊசி எதுவும் பெறாத 243 பேரின் இரத்தத்தை அளந்தனர். நூற்றுக்கு 51 பேருக்கு எதிர்ப்புப் பொருள் இன்னும் பத்துக்குக் குறையாமல் இருந்தது. அளவு குறைந்திருந்தவர்களில் 85 பேருக்கு ஒரே ஓர் ஊசியைப் போட்டு, 30 நாட்கள் கழித்து அளந்தனர். 75 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 88 பேருக்கு, அது பத்தை எட்டியோ கடந்தோ உயர்ந்துவிட்டது. அட்டைகள் பரணில் பத்திரமாக இருந்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்து, நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குக் குறையாமல் பாதுகாப்பு நிலைத்திருக்கிறது என்று அவர்கள் முடிவு செய்தனர்.

அலாஸ்காவில் போடப்பட்டது பழைய முறை மருந்து. இன்றைய முறை மருந்துக்கு இத்தாலி நாட்டின் கணக்கு உதவுகிறது. அங்கு 1991-ஆம் ஆண்டில் குழந்தைகளுக்கும் பன்னிரண்டு வயதுச் சிறார்களுக்கும் இவ்வூசி சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது. பத்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின், குழந்தைப் பருவத்தில் ஊசி பெற்ற 1,212 சிறுவர் சிறுமியரையும், சிறார் பருவத்தில் ஊசி பெற்று விமானப் படையில் சேர்ந்திருந்த 446 இளைஞர்களையும் சோதித்தனர். எதிர்ப்புப் பொருள் போதிய அளவில் நின்றது முதல் வகையினரில் நூற்றுக்கு 64 பேருக்கு. இரண்டாம் வகையினரில் நூற்றுக்கு 89 பேருக்கு. மிக இளம் பருவத்தில் ஊசி பெற்றவர்களுக்கு இருப்பு விரைவில் குறைகிறது என்பது இதனால் விளங்கும். ஆனால் குறைந்திருந்தவர்களுக்கு ஓர் ஊசி போட்டபோது, இரு வகையிலும் நூற்றுக்கு 96, 97 பேர் உடனே எழுந்து நின்றனர். இருப்பில் வேற்றுமை உண்டு. நினைவில் அவ்வளவு வேற்றுமை இல்லை.

இரத்தத்தில் காணும் அளவைவிட முக்கியமானது, நோய் வந்ததா இல்லையா என்பதே. தைவான் தீவில் 1984-ஆம் ஆண்டில் நோயுற்ற தாய்மாரின் குழந்தைகளுக்கும், 1986-ஆம் ஆண்டு முதல் பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் ஊசி போடத் தொடங்கினர். திட்டம் தொடங்கிய காலத்தில் தைபே நகரில் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பேரிடம் இக்கிருமி நிலைத்திருந்தது. 2004-ஆம் ஆண்டில் அது நூற்றுக்கு ஒருவரிலும் குறைந்தது. ஊசி பெற்ற தலைமுறையினர் இருபது வயதைக் கடந்த பின்னரும், அவர்களிடையே ஈரல் புற்றுநோய் முந்தைய தலைமுறையினரைவிடக் குறைவாகவே காணப்படுகிறது.

உண்மையை முழுமையாகச் சொல்ல வேண்டுமாயின், ஊசி பெற்றவர்களிலும் சிலருக்குக் கிருமி புகுந்து சென்றதற்கான தடயம் இரத்தத்தில் காணப்படுவதுண்டு. ஆனால் அது பெரும்பாலும் தாமே அறியாமல் வந்து மறைந்ததாக இருக்கிறது. உடலில் நிலைத்துத் தங்கி ஈரலைக் கெடுப்பது மிக அரிது. இவ்வளவையும் ஆராய்ந்தே, நல்ல உடல்நலமுள்ளவர்களுக்கு முறைப்படி ஊசிகள் முடிந்திருந்தால் மறு ஊசி தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

விதிவிலக்குகள்

எந்தத் துணை விதிக்கும் விலக்கு உண்டு. இங்கும் உண்டு.

முதலாவது, மருத்துவத் தொழிலில் இருப்பவர்கள். பிறர் இரத்தத்தோடு நாள்தோறும் பழகும் செவிலியரும், ஆய்வகப் பணியாளரும், மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளரும் தம் உடல் ஊசியை ஏற்றதா என்பதை உறுதி செய்துகொள்ளுதல் நலம். நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரையில் முதல் வரிசை ஊசிகளாலேயே பயன் பெறாதவர்களாக இருக்கலாம். அவர்களிடம் சேலையும் இல்லை, அட்டையும் இல்லை. இரத்தத்தில் அளவு குறைந்திருக்கும்போது, இவர் மறந்தவரா, கற்காதவரா என்று சோதனைத் தாளை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் இத்தொழிலில் இருப்பவர்களுக்கு ஓர் ஊசி போட்டு, ஒன்று அல்லது இரண்டு மாதம் கழித்து அளந்து பார்க்கின்றனர். அளவு உயர்ந்தால் அத்துடன் முடிந்தது. உயராவிடில் மீதி இரண்டு ஊசிகளையும் போட்டு மறுபடி அளக்கின்றனர்.

இரண்டாவது, சிறுநீரகம் செயலிழந்து இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்பவர்கள். இவர்களுக்கு ஆண்டுதோறும் அளந்து, குறைந்தால் மறு ஊசி போடுவது முறை. மூன்றாவது, உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் நோயோ மருந்தோ உடையவர்கள். நான்காவது, நோயுற்ற தாய்க்குப் பிறந்த குழந்தைகள். ஊசிகள் முடிந்த பின் அவர்களைச் சோதித்துப் பார்த்தல் அவசியம். நோயாளியின் கணவன் அல்லது மனைவியும் மருத்துவரின் ஆலோசனையைக் கேட்க வேண்டும்.

செவிலியர் படிப்பில் சேர்ந்த அந்தப் பெண் முதல் வகையைச் சேர்ந்தவள். அவளுக்கு ஓர் ஊசி போட்டனர். ஒரு மாதம் கழித்து அளந்தபோது, நான்காக இருந்தது பல நூறாக உயர்ந்திருந்தது. ஆக, அவள் குழந்தையாக இருந்தபோது போட்ட ஊசி வீணாகவில்லை. பதினெட்டு ஆண்டுகள் அது அவளுக்குள் ஓசையின்றிக் காத்திருந்தது. அவள் தொழில் காரணமாக அவளுக்கு வேண்டியிருந்தது ஓர் ஊசியும் ஒரு சோதனையும். அதைக் கொண்டு தெருவிலுள்ள பிள்ளைகள் அனைவருக்கும் ஊசி வேண்டும் என்று முடிவு செய்வது சரியன்று.

உண்மையான குறைவு எங்கே?

இப்போது, முன்னர்க் குறிப்பிட்ட ஆண்டுகளை நினைவுக்குக் கொண்டு வருவோம். தமிழ்நாட்டில் அரசின் இலவசத் திட்டத்தில் இவ்வூசி பரவலாக வந்தது 2007-08-ஆம் ஆண்டில். அதன்பின் பிறந்த பிள்ளைகள்தாம் இன்று பதினெட்டு வயதை எட்டியவர்களும் அதற்குக் குறைந்தவர்களும். அவர்களுக்கு முன் பிறந்தவர்கள், பெற்றோர் தனியாகப் பணம் செலவிட்டுப் போட்டிருந்தாலன்றி, பெரும்பாலும் ஊசி பெற்றிருக்க மாட்டார்கள்.

ஆக, அச்சங்கத்தின் தீர்மானம் யாருக்குப் பணம் ஒதுக்கியது? ஊசி பெற்றவர்களுக்கு. யாரை விட்டுவிட்டது? தறியில் அமர்ந்து நெய்து சங்கத்தையே தாங்கும் இருபது முதல் அறுபது வயது வரையில் உள்ள அங்கத்தினர்களை. அவர்களிடம் சேலையும் இல்லை, அட்டையும் இல்லை. நன்கு விளைந்த வயலுக்கு மறுபடி நீர் பாய்ச்சி, காய்ந்து வெடித்த வயலை அப்படியே விட்டதற்கு ஒப்பாகும் இது.

இக்குறைவு கற்பனையன்று. 2009-ஆம் ஆண்டில் குஜராத் மாநிலத்தின் சபர்கந்தா மாவட்டத்தில் மோடாசா வட்டாரத்தில் ஹெபடைடிஸ் பி திடீரெனப் பரவிப் பலர் உயிரிழந்தனர். ஒருவருக்குப் போட்ட ஊசியையும் குழலையும் மற்றவருக்கும் பயன்படுத்தியதே அதற்குக் காரணமாகக் கண்டறியப்பட்டது. அத்தகைய ஆபத்து எந்தக் கிராமத்திற்கும் நேரலாம். அன்று தப்புவோர், முன்னரே தடுப்பூசி பெற்றவர்களே.

சங்கங்கள் செய்யத்தக்கவை

இவற்றையெல்லாம் அந்தச் சங்கத்தின் நிர்வாகக் குழுவிடம் எடுத்துரைத்தேன். குழுவினர் பொறுமையுடன் கேட்டனர். பின்னர் தீர்மானத்தைத் தாமே திருத்தினர். மற்றச் சங்கங்களுக்கும் பயன்படக் கூடுமாகையால், அவர்கள் மேற்கொண்ட முறையைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. அங்கத்தினர் குடும்பங்களில் யார் யாருக்கு ஊசி முடிந்தது என்பதை, அட்டையைப் பார்த்துப் பட்டியல் எழுதினர். அட்டையில் ஊசிகள் முடிந்திருந்த பிள்ளைகளுக்கு இரத்தச் சோதனையும் வேண்டாம், மறு ஊசியும் வேண்டாம் என்று விட்டனர். ஒன்றிரண்டு ஊசி விடுபட்டிருந்தவர்களுக்கு, விடுபட்டதை மட்டும் போடச் செய்தனர்.

2. ஊசியே பெறாத வளர்ந்தவர்களுக்கு முதலில் கிருமி இருக்கிறதா என்று இரத்தச் சோதனை செய்தனர். ஏற்கெனவே கிருமி நிலைத்தவர்களுக்குத் தடுப்பூசியால் பயனில்லை. அவர்களுக்கு வேண்டுவது சிகிச்சை. 2018-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் நாள் தொடங்கப்பட்ட தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் இதற்கான சோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. மருந்தை ஒழுங்காக உட்கொண்டு வருபவர் ஈரலைக் காத்துக்கொண்டு நெடுநாள் வாழலாம்.

3. சோதனை முடிவை மருத்துவர் அவரவரிடம் தனியே தெரிவித்தார். சங்கத்தின் எந்தப் பதிவேட்டிலும் அதைக் குறிக்கவில்லை. பணம் எத்தனை பேருக்குச் செலவாயிற்று என்பதற்கு மட்டும் ரசீது உண்டு. தணிக்கைக்கு எண்ணிக்கை போதும், பெயர் வேண்டுவதில்லை.

4. கிருமி இல்லாதவர்களுக்கு முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து என மூன்று ஊசிகள் போட ஏற்பாடு செய்தனர். நாற்பது வயதுக்கு உட்பட்ட நல்ல உடல்நலமுள்ளவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இதனால் பாதுகாப்புப் பெறுகின்றனர். வயது ஏற ஏறப் பலன் சற்றுக் குறையும். ஆயினும் பயன் உண்டு.

5. மூன்றாம் ஊசியே பலரும் தவறவிடுவது. தீபாவளி நெருக்கடி, அறுவடை வேலை என்று நாள் தள்ளிப் போகும். கடன் தவணை தவறினால் அபராத வட்டி உண்டு. ஊசித் தவணை தவறினால் அபராதமில்லை. தாமதமாயினும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து போட்டுக்கொண்டால் போதும். முதலிலிருந்து தொடங்க வேண்டுவதில்லை. ஆனால் தாமதம் வேறு, கைவிடுதல் வேறு. ஆகையால் சங்க எழுத்தர் மூன்று தவணைக்கும் தனிப் பதிவேடு வைத்து, கூலி வாங்க வரும் நாளில் நினைவூட்டி வருகிறார்.

6. மருந்தை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும். உறைந்துபோனால் அது கெட்டுவிடும். எனவே மலிவு விலையைப் பார்த்து எங்கோ வாங்கி எப்படியோ வைப்பதை விடுத்து, முறையான குளிர்ப் பெட்டி உள்ள மருத்துவமனை வழியாகவே ஏற்பாடு செய்தனர். ஒவ்வொருவருக்கும் புதிய ஊசி, புதிய குழல் என்பதை அங்கத்தினர் இருவர் உடனிருந்து பார்த்தனர்.

முதல் நாளில் முதல் ஊசியைத் தலைவர் போட்டுக்கொண்டார். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. அந்தப் பெண்ணின் தந்தையும் தாயும் அடுத்து நின்றனர். மகளின் இருப்பு நான்கு என்று கலங்கிய அவ்விருவருக்கும், தங்கள் இருப்பு யாது என்ற எண்ணம் அதுவரை தோன்றவே இல்லை. சோதனையில் அங்கத்தினர்கள் சிலரிடம் கிருமி நிலைத்திருப்பது தெரிய வந்தது. அவர்கள் இப்போது சிகிச்சை பெற்று வருகின்றனர். வழக்கம்போல் தறியிலும் அமர்கின்றனர். முதலில் எழுதிய தீர்மானம் அப்படியே நிறைவேறியிருந்தால் அவர்களை எவரும் கண்டிருக்க முடியாது.

முடிவுரை

இப்பாடத்தின் சாரம் இதுவே. குழந்தைப் பருவத்தில் முறைப்படி ஊசி பெற்ற இளைஞர்களுக்கு எதிர்ப்புப் பொருளின் அளவு குறைவது இயல்பு. அதனால் பாதுகாப்பு அழிவதில்லை. முப்பது ஆண்டு அநுபவம் இதற்குச் சான்று. விலக்கானவர்கள் தவிர மற்றவர்களுக்கு மறு ஊசி வேண்டுவதில்லை. ஊசியே பெறாதவர்களுக்கோ முதல் ஊசி உடனே வேண்டும்.

சங்கத்தின் பணம் அங்கத்தினர்களின் வியர்வை. அச்சம் காட்டும் வழியில் அது செலவாதல் கூடாது. தேவை காட்டும் வழியில் செலவாக வேண்டும். தத்தம் சங்கத்தில் இத்தகைய பட்டியல் ஒன்றை எழுதிப் பார்க்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். பட்டியலில் தங்கள் பெயருக்கு எதிரே என்ன எழுதப்படும் என்பதை ஒவ்வோர் அங்கத்தினரும் இன்றே தம்மைக் கேட்டுக்கொள்வாராக.